காலருக்குள் தைத்த பெயர்

மடத்துக் கூடத்தில் ஸ்வெட்டர்கள் குவிந்து கிடந்தன. வாங்கிக்கொள்ள ஒருவர்கூட வரவில்லை.

ஏழுகுன்று என்ற அந்த மலையூரில் மார்கழி பிறந்தால் புல்லெல்லாம் வெள்ளையாகிவிடும். இரவில் விழும் பனி விடிவதற்குள் உறைந்து, மிதித்தால் கண்ணாடி போல நொறுங்கும். போன வருடம் அப்படி உறைந்த ஒரு காலையில், கேரட் கழுவும் கொட்டகைக்குப் பின்னால் கூலியாட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளில் ஒரு பெரியவர் படுத்த இடத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. அவர் மேல் கிடந்தது ஒரு கோணிச்சாக்கு. அந்தச் சாக்கை எடுத்து மடித்து வைத்தவர் தில்லைநாயகம்.

அன்றிலிருந்து அவருக்கு ஒரே நினைப்பு. அடுத்த உறைபனி விழுவதற்குள் லைன் வீட்டு ஆட்கள் எல்லார் உடம்பிலும் ஒரு கம்பளித் துணி ஏறிவிட வேண்டும்.

தில்லைநாயகம் தையல்காரர். மலைப்பள்ளி விடுதியில் படிக்கும் பிள்ளைகளின் ஸ்வெட்டர்களில் பெயர் தைத்துக் கொடுப்பதுதான் அவருடைய பிழைப்பாக இருந்தது. பிள்ளையைக் கொண்டுவந்து விடும் தாய்மார்களிடம் அவர் எப்போதும் சொல்வது ஒன்று. "பேர் இல்லாத துணி தொலைஞ்சு போயிடும்மா."

மனைவி காலமான பிறகு கடையை மூடிவிட்டு மடத்தில் சீடராக வந்து சேர்ந்தார். மடத்தை நடத்தியவர் வடிவம்மை. சீடரைவிட வயதில் சின்னவர். அதிகம் பேசமாட்டார். ஒரு பசுவும், பிறந்து சில நாளே ஆன ஒரு கன்றும், ஒரு தகரக் கூரையும்தான் மடத்தின் சொத்து.

துணி சேர்க்க தில்லைநாயகம் வீடு வீடாக ஏறி இறங்கினார். முதலில் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. காய்கறி மண்டிக்காரர் கனகசபையின் மனைவி சௌந்தரம்தான் ஒருநாள் வாய்விட்டுக் கேட்டார்.

"கொடுக்கிறோம் டெய்லரே. ஆனா நாங்க கொடுத்ததுன்னு யாருக்குத் தெரியும்?"

"கோயில் ட்யூப்லைட்டுல உபயம்னு பேர் போடறோமில்லையா? அது மாதிரி காலருக்குள்ள தைச்சுடறேன்மா. வெளியில தெரியாது. ஆனா பேர் இருக்கும்."

அதன் பிறகு துணிக்குப் பஞ்சமில்லை. கொடுக்காத வீட்டுக்காரர்களும் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். தில்லைநாயகம் ராப்பகலாகத் தைத்தார். சிவப்பு நூலில், சங்கிலித் தையலில், ஒவ்வொரு காலருக்குள்ளும் ஓர் உபயம்.

வடிவம்மை அதைப் பார்த்துக்கொண்டே போவார், வருவார். எதுவும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை விழா என்று முடிவாயிற்று. கொடுத்தவர்கள் தங்கள் கையாலேயே எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று விரும்பினார்கள். நாற்காலி போட்டாயிற்று. அண்டாவில் டீ கொதித்தது. கனகசபை வெள்ளை வேட்டியும் பழுப்புக் கோட்டுமாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கேரட் கழுவும் கொட்டகையும் அவருடையதுதான். லைன் வீட்டு ஆட்கள் எல்லாரும் அவரிடம் வேலை பார்ப்பவர்கள்.

டீ ஆறியது. மறுபடி கொதித்தது. மறுபடி ஆறியது.

கடைசியில் ஒரே ஒருத்தி வந்தாள். யோகமலர். இடுப்பில் கைக்குழந்தை. அவள் குழந்தைக்காரி என்பதால் போன வாரமே அவளுக்கு முதல் ஸ்வெட்டரைக் கொடுத்திருந்தார் தில்லைநாயகம். நீல நிறம், சௌந்தரம் கொடுத்தது. அதைத் துவைத்து மடித்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து வாசற்படியில் வைத்தாள்.

"என்னம்மா இது?"

"வேணாங்கய்யா."

"அளவு சரியில்லையா?"

"சரியாத்தான் இருந்துச்சு."

"பின்னே?"

அவள் முன்வரிசையை ஒருமுறை பார்த்தாள். "வேணாங்கய்யா" என்று மறுபடி சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். சேலைத் தலைப்பை இழுத்துக் குழந்தையின் தலையை மூடிக்கொண்டு போனாள்.

கனகசபை சிரித்தார்.

"நான் அப்பவே சொன்னேன் டெய்லரே. குளிராதவங்களைப் பிடிச்சு வச்சு ஸ்வெட்டர் போடுன்னா எப்படி? இதுவே ஆளுக்கு ஒரு குவார்ட்டர்னு சொல்லியிருந்தா, கூட்டம் கீழ்த்தெரு வரைக்கும் நின்னிருக்கும்."

பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். சௌந்தரம் மட்டும் படியில் கிடந்த நீல ஸ்வெட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். நாற்காலிகளை மடக்கும் சத்தம் தில்லைநாயகத்தின் காதில் அறைவதைப் போல விழுந்தது.

அன்று மாலை ரேடியோவில் சொன்னார்கள். இந்த வாரத்துக்குள் மலையில் உறைபனி விழும்.

தில்லைநாயகம் மாட்டுக் கொட்டிலுக்குப் போனார். வடிவம்மை கன்றுக்கு வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தார்.

"அம்மா, குளிருது. துணி இருக்கு. வாங்க மாட்டேங்கிறாங்க. ஏன்?"

வடிவம்மை நிமிர்ந்தார். "உங்க போர்வையைக் கழட்டுங்க, டெய்லரே."

அவர் கழற்றிக் கொடுத்தார். அவரிடம் இருந்தது அந்த ஒரு கம்பளிப் போர்வைதான். வடிவம்மை அதை உதறி, நடுங்கிக்கொண்டிருந்த கன்றின் முதுகில் போட்டு, கழுத்தடியில் முடிந்துவிட்டார்.

"இப்ப உங்களுக்கு ஒண்ணு வேணும் இல்லையா?"

"வேணும்மா."

"கூடத்துல இருக்கிறதைத் தொடக் கூடாது. யார் வீட்டுக்காவது போய்க் கேட்டு வாங்கிட்டு வாங்க. மடத்துக்குன்னு கேக்கக் கூடாது. லைன் வீட்டுக்குன்னும் கேக்கக் கூடாது. உங்களுக்குன்னு கேக்கணும்."

"நான் கேட்டது வேறம்மா."

"நீங்க கேட்டதுக்குத்தான் சொல்றேன்."

மறுநாள் காலை தில்லைநாயகம் தெருவில் இறங்கினார். ஊரில் அவர் ஏறாத படி கிடையாது. பை நிறையத் துணி கேட்டு எத்தனையோ வாசலில் கூசாமல் நின்றவர். அன்றைக்கு முதல் வீட்டைக் கடந்து போனார். இரண்டாவது வீட்டையும் கடந்தார். மூன்றாவது வீட்டு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண், "என்ன டெய்லரய்யா, இன்னும் துணி சேருதா?" என்று கேட்டாள். "சும்மா வந்தேம்மா" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

இப்படியே மேல்தெரு முடிந்துவிட்டது. தெருக்கோடியில் கனகசபையின் வீடு. திரும்பினால் மடம். பனிக்காற்று சட்டைக்குள் புகுந்து முதுகைத் தடவியது.

அவர் மணியை அழுத்தினார்.

"வாங்க வாங்க" என்றார் கனகசபை. "சௌந்தரம், டெய்லருக்குக் காப்பி. உட்காருங்க. என்ன, லைன்காரங்க மனசு மாறிட்டாங்களா?"

"இல்லைங்க. ஒரு கம்பளித் துணி வேணும். பழசா இருந்தாலும் பரவாயில்லை."

"இன்னுமா? கூடம் நிறைய வச்சிருக்கீங்களே. யாருக்கு?"

தில்லைநாயகம் கையைப் பிசைந்தார்.

"எனக்குத்தாங்க."

கனகசபையின் முகத்தில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. புருவம் லேசாக ஏறி இறங்கியது, அவ்வளவுதான். ஆனால் அதற்கு முன்னால் அவர் பார்த்த பார்வை வேறு. இப்போது பார்ப்பது வேறு. செருப்பிலிருந்து தலைவரைக்கும் ஒருமுறை பார்த்தார்.

"உங்ககிட்ட ஒரு போர்வை இருந்துச்சே?"

"இருந்துச்சு. கொடுத்துட்டேன்."

"தனக்கு மிஞ்சாம கொடுக்கலாமா? யோசிக்க வேண்டாமா? வயசென்ன ஆகுது?" இதைச் சொல்லிக்கொண்டே உள்ளே போய், தான் ஞாயிற்றுக்கிழமை போட்டிருந்த பழுப்புக் கோட்டையே எடுத்துக்கொண்டு வந்தார். "நல்ல கோட்டு. எனக்கு வயித்துல பத்தலை. பத்திரமா வச்சுக்கணும். கண்ட இடத்துல கழட்டிப் போடக் கூடாது."

"சரிங்க."

"அப்புறம், எல்லாத்துக்கும் பேர் போடறீங்களே. இதுக்கும் போட்டுடுங்க."

தில்லைநாயகம் நிமிர்ந்து பார்த்தார். கனகசபை விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

காப்பி கடைசிவரை வரவில்லை. சௌந்தரம் மறந்துவிட்டாரா, வேண்டாம் என்று சைகை ஏதும் போனதா, அவருக்குத் தெரியவில்லை.

மடத்துக்கு வந்து ஊசியோடு உட்கார்ந்தார். சிவப்பு நூலைக் கோத்தார். எத்தனையோ காலர்களில் தைத்த அதே எழுத்துகள்தான். உபயம் கனகசபை. கை பழகிய வேலை, கண்ணை மூடிக்கொண்டுகூடத் தைக்கலாம். அன்றைக்கு இரண்டு முறை நூல் அறுந்தது.

வடிவம்மை பால் செம்போடு அந்தப் பக்கம் வந்தார். கோட்டைப் பார்த்தார். எழுத்தைப் பார்த்தார்.

"கோணலா இருக்கே, டெய்லரே."

"பிரிச்சுத் தைக்கட்டுமா?"

"போட்டுட்டுக் கடைத்தெருவுக்குப் போயிட்டு வாங்க. உப்பு வாங்கணும்."

கடைத்தெருவில் டீக்கடைக்காரர்தான் ஆரம்பித்து வைத்தார்.

"இது மண்டி அண்ணாச்சி கோட்டாச்சே? நேத்துக்கூட அவர் மேல பார்த்தேன்."

"ஆமாம்."

"உங்களுக்குத் தோள்ல கொஞ்சம் தொங்குது. பரவாயில்லை, ஓசின்னா அப்படித்தான் இருக்கும்."

உப்பு வாங்கிய கடையிலும் அதே பேச்சு. எதிரே வந்த பள்ளி வாத்தியார் கோட்டின் கையைத் தொட்டுப் பார்த்து, "தடிப்பான துணி, குடுத்து வச்சவர் நீங்க" என்றார். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் தில்லைநாயகத்துக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. கோபித்துக்கொள்ள ஒரு முகம்கூட அகப்படவில்லை.

மண்டி வாசலைக் கடக்கும்போது கனகசபை கையைத் தட்டினார். அவரோடு கீழே சமவெளியிலிருந்து வந்த இரண்டு வியாபாரிகள் நின்றிருந்தார்கள்.

"டெய்லரே, இங்க வாங்க. நான் சொன்னேனில்லையா, இவர்தான். ஊர் முழுக்கத் துணி சேர்த்தவர். எல்லாத்துலயும் உபயம் போட்டிருக்கார். திரும்புங்க, காட்டறேன்."

தில்லைநாயகம் திரும்புவதற்குள் கனகசபையின் கை அவர் பிடரியில் இருந்தது. காலரைப் பிடித்து வெளியே புரட்டியது. குளிர்ந்த விரல்கள் கழுத்தில் பட்டன.

"பாருங்க. கனகசபை. தெரியுதா?"

"தெரியுதுங்க" என்றார் ஒரு வியாபாரி. "எழுத்து கொஞ்சம் கோணல்."

மூவரும் சிரித்தார்கள். தில்லைநாயகமும் சிரித்தார். ஏன் சிரித்தோம் என்று அவருக்கே விளங்கவில்லை. முந்தாநாள் வரைக்கும் மண்டிக்குள் வந்தால் அவருக்கு நாற்காலி இழுத்துப் போடுவார்கள்.

"வந்தது வந்தீங்க, அந்த மூட்டைக்கு ஒரு கை கொடுங்க" என்றார் கனகசபை. தில்லைநாயகம் மூட்டையின் ஒரு முனையைப் பிடித்தார். ஏன் பிடித்தோம் என்பதும் விளங்கவில்லை. முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

மண்டியை ஒட்டித்தான் கேரட் கழுவும் கொட்டகை. தண்ணீர் தொட்டிகளில் கை விட்டு ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். மலைத்தண்ணீர். அதில் கை வைத்துக்கொண்டே இருந்தால் விரல் மரத்துப்போய், விரல்தானா என்ற சந்தேகம் வந்துவிடும். அதற்காகவே கொட்டகையின் ஓரத்தில் ஒரு தகர டிரம்மில் விறகு எரியும். மாற்றி மாற்றி வந்து கையைக் காட்டிவிட்டுப் போவார்கள். கொட்டகை கட்டிய நாளிலிருந்து இருக்கும் வழக்கம் அது.

மூட்டையைத் தூக்கிய தில்லைநாயகத்தின் கையும் விறைத்திருந்தது. டிரம்முக்குப் பக்கத்தில் போய்க் கையை நீட்டினார்.

"ஐயா, ஐயா" என்று மேஸ்திரி ஓடிவந்தார். கொட்டகையை மேய்ப்பவர் அவர்தான். "நீங்க இங்க நிக்கக் கூடாது."

"ஏம்ப்பா?"

"முதலாளி கோட்டு போட்டிருக்கீங்களே. துணி வாங்கினவங்களுக்கு நெருப்பு கிடையாது. உங்களுக்குத் தெரியாதா? போன வாரமே சொல்லிட்டார். நாமதான் ஸ்வெட்டர் கொடுத்தாச்சே, இனிமே குளிர்னு சாக்கு சொல்லிட்டு டிரம்மைச் சுத்தி நிக்கக் கூடாதுன்னுட்டார். எல்லாரும் வாங்கினதும் டிரம்மையே எடுத்துடலாம்னு இருக்கோம். விறகு என்ன விலை விக்குது."

தில்லைநாயகம் நீட்டிய கையை இழுத்துக்கொள்ளவில்லை. நெருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தொட்டியருகில் யோகமலர் குனிந்து நின்றிருந்தாள். அவளுடைய குழந்தை கூடை ஒன்றில் சாக்குச் சுற்றித் தூங்கியது. அந்தக் கூடை டிரம்முக்கு இரண்டடி தூரத்தில், சூடு படும் இடத்தில் இருந்தது. அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு மறுபடி தண்ணீருக்குள் கையை விட்டாள்.

ஒரு ஸ்வெட்டர் மார்பை மூடும். விரலை மூடாது. கூடையில் கிடக்கும் குழந்தையையும் மூடாது. தையல்காரருக்கு இது தெரியாமல் இருந்ததா? தெரியும். ஆனால் எந்தத் தொட்டிக்குப் பக்கத்திலும் அவர் நின்றதில்லை.

அவர் கோட்டைக் கழற்றினார். கழற்றும்போது காற்று விலாவில் குத்தியது. மடித்தார். தோளோடு தோள் வைத்து, கை இரண்டையும் உள்ளே மடக்கி, கடையில் மடிப்பது போலவே மடித்தார். மண்டிக்குப் போய் எடைத்தட்டின் மேல் வைத்தார்.

"என்ன டெய்லரே?"

"வேணாங்க."

"அளவு சரியில்லையா?"

"சரியாத்தான் இருந்துச்சு."

கனகசபை ஏதோ சொல்ல வாயெடுத்தார். தில்லைநாயகம் அதற்குள் வெளியே வந்துவிட்டார்.

டிரம்மைச் சுற்றி மூன்று பேர் நின்றிருந்தார்கள். அவர் வெறும் சட்டையோடு வருவதைத் திரும்பிப் பார்த்தார்கள். மேஸ்திரியும் அவரைப் பார்த்தார். கோட்டு இல்லை. தடுக்க அவரிடம் காரணம் இல்லை.

"கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா? எனக்கும் ஒரு இடம் வேணும்" என்றார் தில்லைநாயகம்.

தள்ளி நின்றார்கள்.

யோகமலரும் ஈரக்கையை உதறிக்கொண்டு வந்தாள். நெருப்பில் கையைக் காட்டினாள்.

"கோட்டு எங்கய்யா?"

"திருப்பிக் கொடுத்துட்டேன்."

"துவைச்சு மடிச்சீங்களா?"

"மடிச்சேன். துவைக்கலை."

"எனக்குச் சோப்புச் செலவு" என்றாள் அவள். காளிமுத்து என்ற கிழவர் களுக்கென்று சிரித்தார். நெருப்பைச் சுற்றி மற்றவர்களும் சிரித்தார்கள். தில்லைநாயகமும் சிரித்தார். இந்த முறை ஏன் சிரித்தோம் என்று தெரிந்தது.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா."

"அண்ணாச்சி முன்னால உட்கார்ந்திருக்கார். அவங்க வீட்டம்மாவும் இருக்காங்க. அதுல நான் என்னத்தைச் சொல்ல?"

அவர் உள்ளங்கையைத் திருப்பி நெருப்பில் காட்டினார். பிறகு, ஊரெல்லாம் துணி சேர்த்தபோது ஒருமுறைகூட யாரிடமும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"எப்படிக் கொடுத்தா வாங்கிக்குவீங்க?"

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் காளிமுத்து சொன்னார். "பேரை எடுங்க."

"பேரை எடுத்தா போதுமா? அண்ணாச்சி வீட்டுத் துணி அவருக்கு அடையாளம் தெரியாதா?" என்றாள் யோகமலர். "இந்த ஊர்த் துணியே வேணாங்கய்யா. எங்க அக்கா சோலைக்கல்லுல இருக்கா, தேயிலைத் தொழிற்சாலையில. அங்கேயும் யாரோ ஒரு டீச்சர் இதே மாதிரி சேர்த்து வச்சிருக்காங்களாம். மூட்டை மூட்டையாக் கிடக்குது, ஒருத்தரும் தொடலைன்னு அக்கா சொன்னா."

"அங்கேயும் பேர் போட்டுட்டாங்களா?"

"இல்லை. வாங்கறவங்களை நிக்க வச்சு போட்டோ எடுக்கிறாங்களாம்."

காளிமுத்து மறுபடி களுக்கென்றார்.

"நம்ம துணி அங்க போகட்டும். அவங்க துணி இங்க வரட்டும்" என்றாள் யோகமலர். "கேரட் லாரி சோலைக்கல் வழியாத்தான் போகுது. டிரைவர் நம்ம ஆள்தான்."

மடத்துக் கூடத்தில் அன்றைக்கே வேலை தொடங்கியது. தைப்பதைவிடப் பிரிப்பது கடினம். சங்கிலித் தையலில் நூலின் சரியான முனையைப் பிடித்தால் மொத்தமும் ஒரே இழுப்பில் வந்துவிடும். தப்பான முனையைப் பிடித்தால் துணி சுருங்கிக் கிழியும். தில்லைநாயகம் ஒவ்வொரு காலரிலும் முனையைத் தேடி இழுத்தார். வேலை முடித்துவிட்டு லைன் வீட்டுப் பெண்கள் சிலர் வந்து உட்கார்ந்தார்கள். வடிவம்மையும் ஒரு குண்டூசியோடு வந்து உட்கார்ந்தார். சிவப்பு நூல் தரையில் சுருள் சுருளாகச் சேர்ந்தது.

நீல ஸ்வெட்டரை யாரோ எடுத்தார்கள். யோகமலர் கையை நீட்டி அதை வாங்கி, தானே பிரித்தாள். பிரித்து முடித்ததும் காலரை விரலால் நீவிவிட்டு, சோலைக்கல் மூட்டையில் வைத்தாள்.

யோகமலரின் அக்கா சோலைக்கல் டீச்சரிடம் பேசிச் சம்மதம் வாங்கினாள். லாரி போயிற்று. லாரி வந்தது. சோலைக்கல் மூட்டைகள் லைன் வீடுகளின் நடுவில் இறங்கின. நாற்காலி இல்லை, டீ இல்லை. வேண்டியதை அவரவர் எடுத்துப் போட்டுப் பார்த்தார்கள். பிடிக்காததைத் திரும்ப வைத்தார்கள். ஒரு சிவப்பு மப்ளருக்காக இரண்டு பெண்கள் சண்டைகூடப் போட்டார்கள். தில்லைநாயகம் அந்தப் பக்கம் போகவில்லை. வரவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அவராகத்தான் போகவில்லை.

அதற்கு அடுத்த விடியற்காலையில் உறைபனி விழுந்தது.

புல் வெள்ளையாகிக் கிடந்தது. தொட்டித் தண்ணீரின் மேல் மெல்லிய ஏடு கட்டியிருந்தது. தில்லைநாயகம் கொட்டகைக்கு ஓடினார். அவர் பயந்தது பனிக்கு அல்ல. ஸ்வெட்டரோடு அவர்களைப் பார்த்ததும் கனகசபை என்ன செய்வார் என்பதற்கு.

கனகசபை அவருக்கு முன்பே வந்திருந்தார். பழுப்புக் கோட்டைப் போட்டிருந்தார். டிரம்மைச் சுற்றிப் பச்சை, மஞ்சள், கருநீலம் என்று அவர் பார்த்திராத நிறங்கள் நின்றன. மேஸ்திரி விறகைக் கையில் வைத்துக்கொண்டு, போடுவதா வேண்டாமா என்று முதலாளியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கனகசபை யோகமலரிடம் கேட்டார். "யாருது இது?"

"என்னுதுங்க, முதலாளி."

"யார் கொடுத்தா?"

"தெரியாதுங்க."

அவர் காளிமுத்துவின் பக்கம் திரும்பினார். கிழவரின் பிடரியில் கையை வைத்துக் காலரைப் புரட்டினார். நெருப்பருகில் நின்றவர்கள் யாரும் அசையவில்லை. தில்லைநாயகத்தின் கை தானாகத் தன் கழுத்துக்குப் போனது.

காலருக்குள் ஒன்றும் இல்லை. கனகசபை இன்னும் கொஞ்சம் புரட்டிப் பார்த்தார். காளிமுத்து தலையைக் குனிந்து வசதி செய்து கொடுத்தார்.

"குளிருதுங்க, முதலாளி" என்றார் கிழவர். "பார்த்து முடிச்சதும் மூடிவிடுங்க."

கனகசபை கையை எடுத்தார். தான் கொடுக்காத துணியை வைத்துக்கொண்டு எதையும் பிடுங்க முடியாது. அது அவருக்குத் தெரிந்தது. மேஸ்திரிக்கும் தெரிந்தது. விறகு டிரம்முக்குள் விழுந்தது.

கனகசபை தில்லைநாயகத்தின் அருகில் வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"எங்க துணியெல்லாம் எங்க?"

"சோலைக்கல் போயிடுச்சுங்க."

"பேரு?"

"பிரிச்சுட்டேன்."

"பேர் இல்லாத துணி தொலைஞ்சு போயிடும்னு நீங்கதானே ஊருக்கெல்லாம் சொல்வீங்க?"

"ஆமாங்க. தொலைஞ்சு போச்சு."

கனகசபை கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "அடுத்த வருஷம் இந்த ஊர்ல உங்களுக்கு ஒரு முழ நூல் கிடைக்காது" என்று சொல்லிவிட்டு மண்டிக்குள் போனார்.

தில்லைநாயகம் மடத்துக்குத் திரும்பி நடந்தார். மேலுக்குச் சட்டையைத் தவிர ஒன்றும் இல்லை. பல் கிட்டிக்கொண்டது. நேராக மாட்டுக் கொட்டிலுக்குப் போனார்.

வடிவம்மை பால் கறந்துகொண்டிருந்தார். கன்று தில்லைநாயகத்தின் போர்வையைப் போர்த்திக்கொண்டு, அதன் ஒரு மூலையை நிதானமாக மென்றுகொண்டிருந்தது.

"வாங்கிக்கிட்டாங்கம்மா. நெருப்பும் எரியுது."

"ம்."

"அண்ணாச்சிக்குக் கோபம். அடுத்த வருஷம் யாரும் கொடுக்க மாட்டாங்க."

"ம்."

தில்லைநாயகம் கன்றின் பக்கத்தில் போய் நின்றார். போர்வையின் முடிச்சைத் தொட்டார். பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

"அம்மா, எனக்குக் குளிருது. இந்தப் போர்வையை எடுத்துக்கட்டுமா?"

வடிவம்மை கறப்பதை நிறுத்தவில்லை.

"என்னை ஏன் கேக்கிறீங்க, டெய்லரே? போத்திக்கிட்டிருக்கிறது அதுதானே."